ஒரு ரோமானிய வாசனைக் குப்பியைப் படிப்பது எப்படி?

ஆள்காட்டி விரல் நீளம். வெளிறிய நீலப்பச்சை நிறம். மடித்துவிட்ட சின்ன வாய், அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து, அப்புறம் சொட்டப் போகிற தண்ணீர்த்துளி மாதிரி திரண்ட வயிறு. ரோமானியப் பேரரசு பரவியிருந்த எந்த நாட்டு அருங்காட்சியகத்துக்குப் போனாலும் இந்தக் கண்ணாடிக் குப்பி இருக்கும். ஒன்று இரண்டு இல்லை, ஒரு தட்டு முழுக்க வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே பளிங்குச் சிலையும் தங்க நகையும் இருப்பதால் பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்தும் பார்க்காமலும் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். ரோமானியர்களின் அன்றாடத்தை இந்தக் குப்பி அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவரும் பொருள்கள் குறைவு.

இதற்குத் தொல்லியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் உங்குவெண்டாரியம். வாசனைத் தைலத்துக்கு லத்தீனில் உங்குவெண்டும் என்று பெயர். அதிலிருந்து பின்னாளில் உருவாக்கிக்கொண்ட பெயர் இது. தைலம், முகத்துக்குப் பூசும் களிம்பு, கண்மை, வாசனைப் பொடி இவற்றை வைத்துக்கொள்ளும் சின்னக் கலங்கள் எல்லாவற்றையும் இந்த ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள்.

இந்தக் குப்பியைப் புரிந்துகொள்ள, ஊதத் தெரியாத காலத்தில் கண்ணாடிப் பாத்திரத்தை எப்படிச் செய்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கண்ணாடி ரோமானியர்களுக்கு வெகுகாலம் முந்தியது. கி.மு. 1500 வாக்கிலேயே எகிப்திலும் மெசபடோமியாவிலும் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. ஒரு உலோகக் கம்பியின் முனையில் களிமண்ணும் சாணமும் குழைத்து, குப்பியின் உள்வடிவத்தில் ஒரு கரு பிடிப்பார்கள். அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றுவார்கள். வேறு நிற இழைகளைச் சுற்றி, ஒரு கூர்முனையால் மேலும் கீழும் இழுத்து அலையலையாகக் கோலம் செய்வார்கள். எல்லாம் ஆறிய பிறகு கம்பியை உருவிவிட்டு, உள்ளே இருக்கும் களிமண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். அடர்நீலத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக அலை ஓடும் அந்தக் குப்பிகள் அழகில் குறைந்தவை அல்ல. ஆனால் ஒன்றைச் செய்து முடிக்கவே நெடுநேரம் பிடிக்கும். இன்னொரு வழியில், அச்சில் வார்த்து, பிறகு உட்கார்ந்து தேய்த்து மெருகேற்றுவார்கள். எந்த வழியில் போனாலும் கண்ணாடி என்பது வசதியானவர்களின் பொருளாகவே இருந்தது.

பிறகு, கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் யாரோ ஒருவர் கண்ணாடிக்குள் ஊதினார்.

இதற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று ஜெருசலேமில் இருக்கிறது. பழைய நகரின் யூதப் பகுதியில் நஹ்மான் அவிகாட் நடத்திய அகழாய்வில், மண்ணும் குப்பையும் கொட்டி மூடிய ஒரு சடங்குக் குளியல் தொட்டிக்குள் ஒரு கண்ணாடிப் பட்டறையின் கழிவுகள் கிடந்தன. அவற்றோடு கிடைத்த நாணயங்களை வைத்து, கி.மு. 50-ஐ ஒட்டிய காலம் என்று கணித்தார்கள். அந்தக் குவியலில் மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் ஏராளம். சில குழாய்களின் ஒரு முனை மூடி, பலூன் மாதிரி கொஞ்சம் உப்பியிருந்தது. அதாவது, அந்தத் தொழிலாளி இரும்புக் குழலால் ஊதவில்லை. கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சூட்டில் மூடிவிட்டு, மறு முனையில் வாய் வைத்து ஊதியிருக்கிறார். வந்தது ஒரு குட்டிக் குமிழி. பெரிய பாத்திரம் செய்ய அது உதவாது. விரல் நீளக் குப்பி செய்யப் போதும். கண்ணாடி ஊதும் தொழிலின் தொடக்கத்திலேயே இந்தச் சின்னக் குப்பி நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

உலோக ஊதுகுழல் வந்த பிறகுதான் தொழில் சூடு பிடித்தது. ஒரு சாதாரணக் குப்பி எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

உலையில் கண்ணாடி ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில், தேன் பதத்தில் இருக்கிறது. தொழிலாளி குழலின் முனையை அதில் விட்டு, குச்சியில் தேன் எடுப்பது போலச் சுழற்றி ஒரு சின்ன உருண்டை எடுக்கிறார். குழலை உருட்டுவதை ஒரு நொடிகூட நிறுத்த முடியாது; நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் வழவழப்பான கல் பலகையில் அந்த உருண்டையை உருட்டிச் சீராக்குகிறார். இப்போது ஊதுகிறார். பலம் போட்டு இல்லை, சும்மா ஒரு மூச்சு. உருண்டைக்குள் ஒரு குமிழி திறக்கிறது. குழலைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு மெல்ல ஆட்டினால் தன் எடையாலேயே கண்ணாடி நீள்கிறது. இடுக்கியால் குழலுக்கு அருகே பிடித்துக்கொண்டே உருட்டினால் அந்த இடம் ஒடுங்கிக் கழுத்தாகிறது. இன்னொரு மூச்சு, வயிறு கொஞ்சம் புடைக்கிறது. கழுத்துக்கு மேலே ஒரு கீறல், ஒரு தட்டு; குப்பி குழலை விட்டுப் பிரிகிறது. உடைந்த விளிம்பைத் திரும்பச் சூடுகாட்டி மடித்துவிட்டால் வாய் தயார். உடனே வெளியே வைத்தால் வெடித்துவிடும் என்பதால், உலையோடு சேர்ந்த மிதமான சூடுள்ள அறையில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும்.

ஆறவிடும் நேரத்தைத் தள்ளிவிட்டால், தேர்ந்த கைக்குச் சில நிமிட வேலை. களிமண் கருவைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்த காலத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். திறமையான கையாலும் செய்வது கடினமான எத்தனையோ வடிவங்களைக் கண்ணாடிக்காரர் வெறும் மூச்சால் செய்கிறாரே என்று தத்துவஞானி செனெகா ஒரு கடிதத்தில் வியக்கிறார். அவர் இறந்தது கி.பி. 65-இல். அதாவது ஊதும் முறை பிறந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆன பிறகும் அந்த வியப்பு அடங்கவில்லை.

குப்பியின் அடியைத் திருப்பிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு சொரசொரப்பான வடு இருந்தால், வாயைச் சீராக்கும்போது குப்பியைப் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு இரும்புக் கோலை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஆரம்பகாலக் குப்பிகள் பலவற்றில் அந்த வடு இருக்காது. கோல் ஒட்டும் உத்தி கி.பி. முதல் நூற்றாண்டில் பிற்பாடுதான் பரவியது.

சரி, அந்த நீலப்பச்சை நிறம் எங்கிருந்து வந்தது? யாரும் சாயம் சேர்க்கவில்லை. மணலில் இருந்த இரும்பு கொடுத்த நிறம் அது.

ரோமானியக் கண்ணாடியின் முக்கியச் சேர்மானம் இரண்டே பொருள்: கடற்கரை மணல், நேட்ரான். மணலில் இருக்கும் சிலிக்கா தானாக உருக 1,700 டிகிரி வேண்டும். அன்றைய உலைகளால் அதை எட்ட முடியாது. எகிப்தின் வாடி நத்ரூன் பள்ளத்தாக்கில் வறண்ட ஏரிகளின் அடியில் படிந்து கிடக்கும் நேட்ரான் என்ற சோடா உப்பைச் சேர்த்தால், விறகு உலையின் சூட்டிலேயே மணல் உருகும். ஆனால் மணலும் சோடாவும் மட்டும் என்றால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரைந்துபோகும். அதைக் கெட்டிப்படுத்தச் சுண்ணாம்பு வேண்டும். இன்றைய இஸ்ரேலின் அக்கோ நகருக்கு அருகே கடலில் கலக்கும் பேலுஸ் ஆற்று முகத்துவார மணல் புகழ்பெற்றதற்குக் காரணம் இதுதான்: அந்த மணலில் சிப்பித் தூள் ஏற்கெனவே கலந்திருந்தது. சுண்ணாம்பு தேவை என்று தெரியாமலேயே சரியான மணலை எடுத்திருக்கிறார்கள். நேட்ரான் வணிகர்கள் அந்தக் கரையில் சமைக்க இறங்கி, அடுப்புக் கல் கிடைக்காமல் நேட்ரான் கட்டிகளையே அடுப்பாக வைத்தபோது கண்ணாடி உருகி ஓடியது என்று கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்கிறார். சமையல் தீயில் அவ்வளவு சூடு வராது, ஆகவே நடந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் மணல், நேட்ரான், இடம் மூன்றையும் அந்தக் கதை சரியாக நினைவில் வைத்திருக்கிறது.

புதிதாகப் படிக்கிறவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடி காய்ச்சுகிறவரும் குப்பி ஊதுகிறவரும் ஒரே ஆள் இல்லை. கடற்கரைக்கு அருகே பெரிய உலைகளில் டன் கணக்கில் பாளமாகக் காய்ச்சுவார்கள். அதை உடைத்துக் கட்டிகளாகக் கப்பலில் ஏற்றுவார்கள். ரோமிலோ கொலோனிலோ ஒரு சின்னப் பட்டறைக்காரர் அந்தக் கட்டியை வாங்கித் திரும்ப உருக்கி ஊதுவார். கி.பி. 301-இல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலை உச்சவரம்பு ஆணையில் கண்ணாடிக்கு எடைக் கணக்கில்தான் விலை இருக்கிறது: நிறமில்லாத அலெக்சாந்திரியக் கண்ணாடி ஒரு ராத்தலுக்கு 24 தினாரியஸ் (ரோமானிய நாணயம்), பச்சை சாயலுள்ள யூதேயக் கண்ணாடி 13. நிறமில்லாததற்கு ஏறக்குறைய இரு மடங்கு.

எடை போட்டு விற்கும் அளவுக்குக் கண்ணாடி மலிந்தது எவ்வளவு சீக்கிரம் என்பதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ, ரோமில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை ஒரு செப்புக்காசுக்கு வாங்கலாம் என்று எழுதியிருக்கிறார். ஊதும் முறை பிறந்து எழுபது, எண்பது ஆண்டுகள்கூட ஆகியிருக்காது.

உள்ளே என்ன இருந்தது என்று இப்போது பார்க்கலாம். இன்றைய சென்ட் போல அதில் ஆல்கஹால் கிடையாது. ரோமானிய வாசனை என்பது எண்ணெய். பழுக்காத ஆலிவ் காயிலிருந்து எடுத்த எண்ணெயிலோ, வாசனை இல்லாத வேறொரு கொட்டை எண்ணெயிலோ ரோஜா இதழ், லில்லிப் பூ, ஐரிஸ் கிழங்கு, வெள்ளைப்போளம், லவங்கப்பட்டை, சடாமாஞ்சி என்று ஊறவைத்து எடுப்பார்கள். இத்தாலியின் கப்புவா நகரில் செப்ளாசியா என்று ஒரு பகுதியே வாசனைத் தைலக் கடைகளுக்குப் பேர்போனது. பாம்பெய் நகரில் வெட்டி சகோதரர்களின் வீட்டுச் சுவரில், சிறகு முளைத்த குட்டிக் காமன்கள் தைலம் பிழிந்து, கலக்கி, வாடிக்கையாளருக்குக் காட்டி விற்கும் காட்சி வரிசையாக வரைந்திருக்கிறது.

விலையைக் கேட்டால் குப்பியின் கழுத்து ஏன் அவ்வளவு ஒடுக்கம் என்று புரிந்துவிடும். சில தைலங்கள் ஒரு ராத்தல் 400 தினாரியஸுக்கு மேல் போகின்றன என்று பிளினி கோபமாகவே எழுதுகிறார். ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். பிளினியின் காலத்தில் ஒரு படைவீரரின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரியஸ். அப்படிப்பட்ட பொருளை யாரும் ஊற்றி எடுக்க மாட்டார்கள், சொட்டுச் சொட்டாகத்தான் எடுப்பார்கள். ஒடுங்கிய கழுத்து சொட்டைக் கட்டுப்படுத்துகிறது, வாசனை சீக்கிரம் பறந்துபோகாமலும் பார்த்துக்கொள்கிறது. மடித்த வாய்க்கும் வேலை உண்டு. தக்கையோ மெழுகோ வைத்து, மேலே துணி போட்டுக் கட்டினால் அந்த விளிம்பு நூலைப் பிடித்துக்கொள்ளும். விரல் நுழையாத கழுத்து என்பதால் நீண்ட மெல்லிய கண்ணாடிக் குச்சியைத் தோய்த்து எடுப்பார்கள். கயிறு மாதிரி முறுக்கிய அத்தகைய குச்சிகளும் நிறையக் கிடைத்திருக்கின்றன.

கண்ணாடியின் பெரிய வசதி, அது எண்ணெயைக் குடிக்காது. மண் குப்பி குடிக்கும். பழைய எண்ணெயின் சிக்கு வாடை அதில் தங்கிவிடும். கண்ணாடிக்கு நாற்றம் கிடையாது என்பதே அதன் பெருமை என்று பெட்ரோனியஸின் கதையில் வரும் பணக்கார விருந்துக்காரர் திரிமால்கியோவும் சொல்கிறார். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: மிக உயர்ந்த தைலத்துக்கு ரோமானியர்கள் கண்ணாடியைப் பரிந்துரைக்கவில்லை. வெண்கல்லில் குடைந்த சிமிழே சிறந்தது என்றும், வெயில் பட்டால் தைலம் கெடும், ஆகவே ஈயக் கலத்தில் நிழலில் வைக்க வேண்டும் என்றும் பிளினி எழுதியிருக்கிறார். நம் நீலப்பச்சைக் குப்பியில் அடைபட்டது பெரும்பாலும் கடையில் சில்லறையாக விற்ற சாதாரணச் சரக்காகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் எனக்கு அது பிடிக்கிறது. அரண்மனைக்குப் போகாத வாசனை அது.

சில குப்பிகளில் வடிவமே உள்ளே இருப்பதைச் சொல்லும். கி.பி. முதல் நூற்றாண்டில் சிரிய, பாலஸ்தீனக் கரையில், களிமண் அச்சுக்குள் ஊதி, உலர்ந்த பேரீச்சம்பழம் மாதிரியே ஒரு குப்பி செய்தார்கள். பழுப்பு நிறம், தோலின் சுருக்கம் எல்லாம் அப்படியே. பழக்கூடையில் போட்டுவிட்டால் கண்டுபிடிப்பது சிரமம். அச்சில் ஊதியவர்களில் சீதோன் நகரோடு தொடர்புபடுத்தப்படும் என்னியோன், தன் கலங்களில் "என்னியோன் செய்தார்" என்று கிரேக்கத்தில் பெயரையே பதித்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் அழகு, வடக்கு இத்தாலியிலும் ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலும் கிடைக்கும் பறவைக் குப்பிகள். பிளாஸ்டிக் போல மெல்லிய கண்ணாடியில், வால் நீண்ட ஒரு புறா. அதற்கு வாய் கிடையாது, மூடியும் கிடையாது. வாலின் வழியாகப் பொடியையோ தைலத்தையோ நிரப்பி, வால் நுனியைத் தீயில் உருக்கி அடைத்துவிடுவார்கள். வாங்குகிறவர் வால் நுனியை ஒடித்துத் திறக்க வேண்டும். ஊசி மருந்து ஆம்ப்யூலின் கழுத்தை நர்ஸ் ஒடிப்பது போல. வால் ஒடிந்த பறவைகளும், யாரும் திறக்காமல் உள்ளே பொடியோடு கல்லறையில் வைக்கப்பட்ட பறவைகளும் கிடைத்திருக்கின்றன.

குளியல் கூடத்துக்கு எடுத்துப் போகும் எண்ணெய்க் குப்பி வேறு சாதி. தடித்த சுவர், உருண்டை வயிறு, இரண்டு குட்டிக் காதுகள். அந்தக் காதுகளில் வெண்கலச் சங்கிலி மாட்டி மணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். உடம்பில் எண்ணெய் தேய்த்து, வளைந்த உலோகச் சுரண்டியால் அழுக்கோடு வழித்தெடுப்பது அவர்கள் வழக்கம். கண்மைக் குழல் இன்னும் பிற்காலத்தது, கி.பி. 4 முதல் 6-ஆம் நூற்றாண்டு வரை கிழக்குக் கரையில் செய்தது. நீளமான ஒரு குழாயை ஊதி, சூடு ஆறும் முன் நடுவில் இரண்டாக மடித்துவிடுவார்கள். ஒட்டிய இரட்டைக் குழல் கிடைத்துவிடும். மேலே கூடைக்கு வைப்பது போல ஒரு கைப்பிடி. மை தீட்டும் வெண்கலக் குச்சி சிலவற்றில் இன்னும் உள்ளேயே இருக்கிறது.

இந்தக் குப்பிகளைப் பற்றி ஒரு பழைய கதை இன்றும் சுற்றுகிறது: இவை கண்ணீர்க் குப்பிகள், துக்க வீட்டில் அழுகிறவர்கள் கண்ணீரைப் பிடித்து இறந்தவரோடு புதைத்தார்கள் என்று. கேட்க உருக்கமாக இருக்கும். உண்மை இல்லை. கல்லறைகளில் இவை அதிகம் கிடைத்ததும், என் கண்ணீரை உம் குப்பியில் வையும் என்ற பைபிள் சங்கீத வரியும் சேர்ந்து பிறந்த கதை அது. உள்ளே ஒட்டியிருந்த எச்சங்களைச் சோதித்தபோது கிடைத்தது எண்ணெயும் ஒப்பனைப் பொருளும். கல்லறைக்கு இவை வந்ததற்குக் காரணம் எளிது. இறந்தவரின் உடலுக்குத் தைலம் பூசினார்கள், சிதையிலும் தைலம் ஊற்றினார்கள், பிறகு குப்பியையும் அங்கேயே விட்டார்கள். சிதையின் சூட்டில் உருகி, கசங்கிய மெழுகு போல ஆன குப்பிகள் எரியூட்டிய கல்லறைகளில் அடிக்கடி கிடைக்கின்றன. கண்ணீர்க் கதையை விட இது என்னை அதிகம் பாதிக்கிறது.

அதே போல, வானவில் பளபளப்பு. ரோமானியக் கண்ணாடி என்றாலே நீலமும் பொன்னும் ஊதாவும் மின்னும் படங்கள்தான் நினைவுக்கு வரும். அதைச் செய்தவர் அந்த மினுமினுப்பைப் பார்த்ததே இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணின் ஈரம் கண்ணாடியிலிருந்து சோடாவை உறிஞ்சிவிடும். மேற்பரப்பு தாள் தாளாகப் பிரியும். அந்த மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது, சோப்புக் குமிழியில் தெரிவது போல நிறங்கள் தெரிகின்றன. அது சிதைவு. கடையில் இருந்தபோது குப்பி தெளிவாக, வெறுமனே பளிச்சென்று இருந்திருக்கும்.

குப்பிக்குள் மிஞ்சியிருப்பது எவ்வளவு பெறுமதியானது என்று 2019-இல் ஸ்பெயினின் கர்மோனா நகரில் தெரிந்தது. ஒரு வீட்டைப் புதுப்பிக்கும்போது கி.பி. முதல் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. எரியூட்டிய ஒரு பெண்ணின் எலும்புகள் இருந்த கண்ணாடித் தாழிக்குள் சின்ன வாசனைக் குப்பி ஒன்று. இது கண்ணாடி இல்லை, படிகக் கல்லில் குடைந்தது. டோலமைட் கல்லால் ஆன அடைப்பான், அதைச் சுற்றி நிலக்கீல் பூச்சு. அந்தப் பூச்சு காற்றை விடவில்லை. கோர்டோபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளே உறைந்திருந்ததைச் சோதித்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள்: தாவர எண்ணெயும் பச்சௌலியும். ஆசியாவில் விளையும் செடி அது. பச்சை, இலை என்ற தமிழ்ச் சொற்களிலிருந்தே அந்தப் பெயர் ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது என்று அகராதிகள் விளக்குகின்றன.

அந்தக் கடல்வழியில் சரக்கு இரண்டு பக்கமும் போனது. செங்கடல் வணிகக் கையேடான பெரிப்ளஸ், முசிறிக்கு வந்து இறங்கிய சரக்குகளில் ஊதாத கண்ணாடிக் கட்டியையும், அங்கிருந்து ஏறிய சரக்குகளில் கங்கைச் சமவெளி வழியாக வந்த சடாமாஞ்சியையும் குறிப்பிடுகிறது. சடாமாஞ்சி ரோமுக்குப் போய்த் தைலமாகிக் குப்பியில் ஏறும். அதே குப்பிக்கான கண்ணாடி இங்கே வரும். ரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் உடைசல் அரிக்கமேட்டிலும் கேரளத்தின் பட்டணம் என்ற ஊரிலும் கிடைத்திருக்கிறது.

கர்மோனா குப்பி தப்பியது அதிர்ஷ்டம். பழைய சேகரிப்பாளர்கள் பளபளவென்று இருக்க வேண்டும் என்று நினைத்துக் குப்பிகளைக் கழுவிவிட்டார்கள். கல்லறை தோண்டித் திருடி விற்கிறவர்கள் இன்றும் அதையே செய்கிறார்கள். எந்தக் கல்லறை, யாருக்குப் பக்கத்தில் இருந்தது, உள்ளே என்ன இருந்தது எல்லாம் அந்த ஒரு கழுவலில் போய்விடும். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் ஒன்றை வாங்க நினைக்கிறவர்கள், அது எங்கிருந்து வந்தது என்ற சான்றைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

உடைந்த குப்பிக்கும் விலை இருந்தது. ரோமில் திபேர் ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து வரும் தெருவியாபாரி, கந்தகத்தைக் கொடுத்து உடைந்த கண்ணாடியை வாங்கிப் போவதைக் கவிஞர் மார்ஷியல் எழுதியிருக்கிறார். இத்தாலியின் கிராதோ கடற்கரைக்கு அப்பால் மூழ்கிய ஒரு ரோமானியக் கப்பலில் மரப்பீப்பாய் நிறைய கண்ணாடி உடைசல் கிடைத்தது, உருக்குவதற்காகப் போன சரக்கு. நிறத்தை நீக்க ஒரு பட்டறை ஆண்டிமனி சேர்க்கும், இன்னொன்று மாங்கனீஸ் சேர்க்கும். ஒரே குப்பியில் இரண்டும் கலந்திருந்தால், பல கலங்களின் உடைசலை ஒன்றாக உருக்கியிருக்கிறார்கள் என்று வேதியியலாளர்கள் கண்டுகொள்கிறார்கள். தட்டில் வரிசையாக நிற்கும் அந்த விரல் நீளக் குப்பிகளில் ஏதோ ஒன்று, அதற்கு முன் யாருடைய வீட்டிலோ கை தவறி விழுந்த கிண்ணமாக இருந்திருக்கலாம்.